ததேயுஸுக்குப் பிடித்த இஞ்சி பீர்

ததேயுஸ் நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்கு பஸ் ஓட்டுகிறார். காலையில் திற்பரப்பில் பிள்ளைகளை ஏற்றத் தொடங்குவார். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை அங்கேயே இறக்கி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, குலசேகரத்தில் இருக்கும் வீட்டுக்கு பைக்கில் திரும்புவார்.

அவர் குடியை விட்டவர். மகள் ஜெஸ்பின் எட்டாம் வகுப்பு படிக்கையில், அவளை ட்யூஷனுக்குக் கொண்டுபோன ஆட்டோவைப் போதையில் பாசனச் சானலுக்குள் இறக்கிவிட்டார். தண்ணீர் குறைவாக ஓடிய நாள் என்பதால் பிள்ளை புருவத்தில் தையலோடு பிழைத்தாள். அன்றைக்கு விட்டவர் பிறகு தொடவில்லை. ஜெஸ்பின் இப்போது நர்சிங் கடைசி வருடம்.

விட்டாலும் ஒரு ஏக்கம் மட்டும் போகவில்லை. போதைக்கான ஏக்கம் அல்ல அது. வேலை முடிந்து உட்காரும்போது தொண்டையில் கசப்பும் நுரையுமாக இறங்குகிற அந்தக் குளிர்ச்சி. எலுமிச்சை சோடா குடித்துப் பார்த்தார், சர்பத் குடித்துப் பார்த்தார். எல்லாம் வெறும் இனிப்பு.

திற்பரப்பு ரோட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் பழைய புகைப்புரை ஒன்று பூட்டிக் கிடந்தது. பெங்களூரில் பீர் காய்ச்சும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிரீனா என்ற பெண் அதை வாங்கி, வெள்ளையடித்து, உள்ளே பளபளவென்று எவர்சில்வர் டாங்குகளை நிறுத்தினாள். இங்கே பீர் காய்ச்ச அனுமதி வாங்குவது நடக்கிற காரியமில்லை என்பதால் இஞ்சி பீர் காய்ச்சினாள். அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் அங்கே இறங்கத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெஸ்பின்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பேருதான் பீரு, அப்பா. சும்மா குடிச்சுப் பாருங்க."

அன்னாசி போட்டது, ஜாதிக்காய் போட்டது, மலைக் கிராம்பு போட்டது என்று மூன்று வகை. கிராம்பு போட்டதை ஒரு வாய் குடித்தார் ததேயுஸ். முதலில் நுரை உதட்டில் பட்டது. பிறகு இஞ்சியின் காரம், அதற்கும் பின்னால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. கிளாசைக் கீழே வைக்காமல் இன்னொரு வாய் குடித்தார். இத்தனை வருடம் தேடியது இதைத்தான் என்று தோன்றியது. ஜெஸ்பின் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு பஸ்ஸை நிறுத்தியதும் பைக் தானாகவே அங்கே போய் நிற்கும். ஒரு கிளாஸ் இரண்டாயிற்று. பிரீனா அவரைக் கண்டதும் குழாயைத் திறந்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட் பூட்டியிருந்தது. உறவில் ஏதோ கல்யாணம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ததேயுஸுக்குக் குப்பென்று கோபம் வந்தது. கேட்டைப் பிடித்து உலுக்கினார், மறுபடி உலுக்கினார். கடைக்காரர் எட்டிப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார். கை நடுங்கியது. அந்த நடுக்கம் அவருக்குத் தெரிந்த நடுக்கம்.

அன்றிலிருந்து வெப்ராளம், ஓயாத ஒரு படபடப்பு, பிடித்துக்கொண்டது. காலையில் பஸ் கல்லூரிக்குள் நுழைந்ததும் செக்யூரிட்டி ஒரு கருவியை நீட்டுவார். டிரைவர்கள் அதில் ஊத வேண்டும். இத்தனை நாள் சிரித்துக்கொண்டே ஊதியவர் இப்போது எண் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யம் என்று காட்டும். அப்போதும் நிம்மதி வராது. நாளைக்கு வேறு ஏதாவது காட்டினால்? பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகையில் சானல் கரை வளைவில் தேவைக்கு மேல் பிரேக் போட்டார். ஆனாலும் சாயங்காலம் போகாமல் இருக்க முடியவில்லை. போய்விட்டு, வீட்டுக்கு வருமுன் ஏலக்காய் மென்றார்.

மனைவி ஞானபாய் கதவைத் திறந்தவள் நகராமல் நின்றாள்.

"வாயில என்ன?"

"ஏலக்கா."

"எதுக்கு ஏலக்கா தின்னுதிய?"

"சும்மாதான்."

"முன்ன நீங்க எப்ப ஏலக்கா தின்னுவியன்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "எங்க போயிட்டு வாறிய?"

"சத்தியமா குடிக்கல்ல ஞானபாய். அந்தப் புகைப்புரையில இஞ்சி பீரு..."

"பீரா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே, குடிக்காத ஒன்றை ஏன் மறைத்தோம் என்ற கேள்வி அவரையே குத்தியது. ஞானபாய் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் வாறேன். அதுல என்ன கெடக்குன்னு கேக்கணும்."

மறுநாள் இருவரும் போனார்கள். பிரீனா குழாயைத் திறக்கப் போனாள். ததேயுஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மக்கா, ஒண்ணு கேக்கணும். இதுல சாராயம் உண்டா?"

பிரீனா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கேன் அண்ணே. அப்பத்துக்கு மாவு பொங்குகது மாதிரி. அதுல துளியூண்டு இருக்கும். தலைக்கு ஏறாது. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்."

ததேயுஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "முதல் நாளே சொல்லக்கூடாதா?"

"யாரும் கேட்டதில்ல. நானும் நெனச்சுப் பாக்கல்ல." அவரையும் ஞானபாயையும் மாறி மாறிப் பார்த்தபின் அவளுக்கு விஷயம் புரிந்தது. "அண்ணே, நீங்க குடிய விட்டவருன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

ஞானபாய் ஒரு கிளாஸ் கேட்டு வாங்கி, மோந்து பார்த்து, கொஞ்சம் குடித்தாள். அவள் முகம் இளகியது. "நல்லாத்தானே இருக்கு! துளியூண்டுதான்னு அவ சொல்லுதா. இதுக்கா இப்பிடி பயந்திய? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா வந்து ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போவோம்."

கிளாசில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. ததேயுஸ் அதையே பார்த்தார். எச்சில் ஊறியது.

"வேண்டாம்," என்றார். "அன்னைக்கு கேட்டைப் புடிச்சு உலுக்கினேன் ஞானபாய். எவ்வளவு கெடக்குங்கது இல்ல விஷயம். உலுக்கின கை இருக்குல்லா, அதை எனக்குத் தெரியும்."

ஞானபாய் கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிரீனா வாசல்வரை கூடவே வந்தாள். இனி வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவேன் என்றாள்.

ஆனால் தினமும் இரண்டு வேளை அந்த வாசல் வழியாகத்தான் பஸ் போக வேண்டும். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நான்காம் நாள் கல்லூரியில் வண்டிகளைப் பார்க்கிற கிருஷ்ணமணியிடம் போய், வேறே ரூட் கேட்டார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வேலை போய்விட்டதென்றே நினைத்தார்.

கிருஷ்ணமணி பேனாவை மூடினார். "தோவாளை ரூட் தாறேன். ஆனா ஒண்ணு, நீரு இனி சாயங்காலம் வண்டி எடுக்கதுக்கு முன்னாலயும் ஊதணும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

இப்போது காலையில் முன்னைவிடச் சீக்கிரம் எழுந்து நாகர்கோவில் போய், அங்கிருந்து பஸ்ஸை எடுக்கிறார். சாயங்காலம் தோவாளையில் பிள்ளைகளை இறக்குகிற நேரத்தில் தொண்டை வறளும். யாரோ உள்ளேயிருந்து கூப்பிடுவது போல இருக்கும். வண்டியை ஓரம் கட்டி போனை எடுப்பார்.

"எங்க நிக்குதிய?" என்பாள் ஞானபாய்.

"தோவாளையில. பிள்ளைகளை இறக்கியாச்சு."

"எப்பிடி இருக்கு?"

"கஷ்டமாத்தான் இருக்கு."

"செரி, வைக்காதிய. பேசிட்டிருங்க," என்பாள் அவள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.