சரஸ்வதி காலடியில் ஒரு கொலை

அறுபதுகளில் மாத்தளையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் துப்பறியும் நாவலுக்குத் தடை. போட்டவர் அதிபர், அதாவது தலைமையாசிரியர். "கொலையப் படிச்சா கொலகாரன் புத்திதான் வரும் டீச்சர்" என்பார். அதனால் எங்கள் ஆங்கில ஆசிரியர் தமது நாவலுக்குப் பாடப்புத்தகம் போலப் பழுப்புத்தாள் உறை போட்டுக் கொண்டுவந்தார். இடைவேளைகளில் அவர் வாசித்துத் தமிழில் சொல்ல, ஆசிரியர் அறையே தேநீரை ஆறவிட்டுக் கேட்கும்.

கதை இங்கிலாந்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது. இரசாயன விரிவுரையாளர் மணிக்கூண்டுப் படிக்கட்டில் செத்துக் கிடக்கிறார். பொலிஸ் திண்டாடுகிறது. துப்புத் துலக்க வருபவர் அங்கே தாவரவியல் படிப்பிக்கும் பேராசிரியர். அவருக்கு அது தொழிலல்ல, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. கொன்றவர் நூலகர் என்று நான் அடித்துச் சொன்னேன். கணக்கு ஆசிரியர் கல்லூரி அதிபரைச் சந்தேகப்பட்டார். பந்தயம் கட்டினோம்: தோற்றவர் பரிசளிப்பு விழா நாடகத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். முந்திய வருஷம் பழக்கியவள் நான். ராஜா அரியணையோடு பின்பக்கம் விழுந்து, திரைக்குப் பின்னால் கிடந்தபடியே தீர்ப்புச் சொன்னார். இன்னொரு முறை அந்தப் பாடு பட எனக்குத் தெம்பில்லை.

பேராசிரியர் எல்லோரையும் நூலகத்தில் கூட்டிவைத்துத் தொண்டையைச் செருமிய இடத்தில் வகுப்பு மணி அடித்தது. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடினோம். அன்றுதான் வாணி விழாவுக்காக அதிபர் கண்ணில் பட்ட புத்தகங்களையெல்லாம் அள்ளிப்போய்ச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கினார். எங்கள் கொலை அடுக்கின் உச்சியில், சந்தனப் பொட்டும் செவ்வந்திப் பூவுமாக இருந்தது. விஜயதசமி வரை யாரும் அதைத் தொடக்கூடாது, வாசிக்கவும் கூடாது.

எனக்குப் பொறுக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியர் முஸ்லிம், அவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையே என்று அவரைப் பிடித்தேன்.

"நீங்க வாசிச்சுச் சொல்லுங்க சேர். நாங்க காதால கேக்கத்தானே போறோம், அது வாசிச்சதாகாது."

"நல்லாருக்கு டீச்சர்! அந்தப் பூவ எடுத்தா ஒங்க ஆளுங்க ஏசுவாங்க. அங்க போய் நின்னா எங்க வாப்பா ஏசுவாரு. ஒங்க நாடகத்துக்கு நான் ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கணுமா?"

"இந்த முறை ராஜாவத் தரையிலயே உக்கார வைங்க டீச்சர்" என்று கணக்கு ஆசிரியர் கடுப்பேற்றினார்.

விஜயதசமிக் காலையில் மண்டபம் நிறையப் பெற்றோரும் பிள்ளைகளும். முதலில் கைக்கு வரும் புத்தகத்தை அதிபர் திறந்து வாசிப்பார். தொடங்கிய பகுதியை இடையில் நிறுத்தினால் பிள்ளைகளின் படிப்பு தடைப்படும். இது அவரே வகுத்த விதி. உச்சியில் இருந்ததை எடுத்தார். ஆங்கிலம் என்றதும் முகம் மலர்ந்தது. என் பக்கத்தில் ஆங்கில ஆசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. விட்ட இடத்திலேயே புத்தகம் திறந்துகொண்டது.

அதிபர் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்து, பெற்றோருக்காகத் தமிழில் சொன்னார். "இந்த அறையை விட்டு யாரும் வெளியேறக் கூடாது" என்றார். நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க எழும்பிய ஒரு தகப்பன் திரும்ப உட்கார்ந்தார். "கொலையாளி நம் நடுவில்தான் இருக்கிறார்" என்றபோது அதிபரின் குரல் இறங்கிவிட்டது. ஆனால் நிறுத்த முடியாதே. நான் சரஸ்வதியைக் கும்பிட்டேன். நூலகராக இருக்கட்டும் தாயே.

"நூலகர் நடுங்கினார். பேராசிரியர் அவரைத் தாண்டிப் போய்க் கைநீட்டினார். கொலை செய்தவர் இந்தக் கல்லூரியின்..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "...அதிபர்."

மண்டபம் முழுவதும் அவரைப் பார்த்தது. கணக்கு ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிபர் அந்தப் பகுதியை வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"இந்தப் பேராசிரியர் அவசரப்பட்டுட்டாரு. ஒரு பள்ளிக்கூடத்த நடத்துற ஆளுக்குக் கொல செய்ய எங்கங்க நேரம்? அந்த நூலகர்தான் செஞ்சிருக்கான்."

பெற்றோர் தலையாட்டினார்கள். அதிபர் சொல்லுக்கு மறுபேச்சு இல்லாத பள்ளிக்கூடம் அது. அந்த வருஷ நாடகத்தைக் கணக்கு ஆசிரியர் பழக்கினார்.