முருங்கைக்கீரையும் ஒரு பை ரத்தமும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால், பக்கத்து மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்களும் வந்துவிடுவார்கள். அந்த ஆண்டு குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள், அப்படியே என் மகளையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு ஐந்து மாதமாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மாதுளை, பேரீச்சம்பழம், ஈரத்துணியில் சுற்றிய முருங்கைக்கீரை என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளை இப்படி வெளுத்துக் கிடக்கிறாளே, நீ என்னதான் கொடுக்கிறாய் என்று என்னைக் கேட்டார்கள். அடுப்படியில் நிற்பவள் நான்தானே, கேள்வியும் எனக்குத்தான். என் வீட்டுக்காரரை ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் ஒரு தாளில் எலும்பை வரைந்தே காட்டியிருந்தார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறது. அந்த இடத்தை நோய் அடைத்துக்கொண்டதால் முதலில் ரத்தம் குறைந்தது. இப்போது நோயைக் கொல்லும் மருந்து, ரத்தம் ஊறுவதையும் சேர்த்து அமுக்கிவைக்கிறது. போதாததற்குக் காய்ச்சல், ஈறில் கசிவு, சோதனைக்கென்று அடிக்கடி எடுக்கும் ரத்தம். கீரையால் ஆகிற காரியம் இல்லை என்று அவர் சொன்னதை, வந்தவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீட்ரூட் சாறு கொடுத்துப் பார் என்றார்கள்.

சீசன் நடுவில் ஒருநாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், ரத்த வங்கியில் எடுக்கும் பைக்குப் பதிலாக ஒருவர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். நான் விரலை நீட்டினேன். குத்திப் பார்த்த பெண், உங்களுக்கே ரத்தம் கம்மியாக இருக்கிறதே, எடுக்க முடியாது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை கீரை வந்த வீட்டில், நீ சாப்பிட்டாயா என்று என்னை ஒருவர் கேட்டதில்லை.

வீட்டுக்காரரின் அண்ணன் குற்றாலத்தில் லாட்ஜில் தங்கியிருந்தார். முந்தின நாள்தான் இரும்புச்சத்தைப் பற்றி எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார். அவருக்குப் போன் போட்டேன்.

"எண்ணெய் தேச்சு அருவியில குளிச்ச ஒடம்பும்மா. இன்னைக்கு ரத்தம் குடுத்தா தாங்காது," என்றார். நாளைக்கு அவர்கள் சென்னைக்குக் கிளம்புகிறார்களாம். ஊருக்குப் போனதும் நல்ல டானிக்காகப் பார்த்து அனுப்புவதாகச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் குழந்தையின் அப்பா செங்கோட்டைக்காரர். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதை மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இனிமே நான் ஒழுங்காச் சாப்பிடுதேம்மா. அப்பொறம் நீ யார்ட்டயும் ரத்தம் கேக்காண்டாம்."

நோய் இன்னதென்று தெரியும் முன்பு, சோற்றைத் துப்பினாள் என்று அவள் முதுகில் அறைந்தவள் நான். சாப்பிடாததால்தான் இப்படி வெளுத்துப் போகிறாய் என்று சொன்னவளும் நான்தான். டாக்டர் சொன்னதை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் விளக்கினேன். இவளிடம் மட்டும் சொல்லவே இல்லை.