மரகதத்தின் மஞ்சள் ஹெலிகாப்டர்

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன் — நான்கு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஆறும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரு பொம்மை ஹெலிகாப்டரைப் பார்த்து வயிறெரிந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரா வாரம் உங்களிடம் நான் எதை மறைத்திருக்கிறேன்?

ஹெலிகாப்டர் மரகதத்தினுடையது.

ஆயர் குரோவில் எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு மரகதம். பக்கத்து ஊரான செங்கில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னைவிட ஆறு வயது இளையவள். மாலையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் திடலைச் சுற்றி நடப்போம். நடந்து முடித்ததும் எல்லாரும் பெஞ்சில் என்னைச் சுற்றி உட்கார்வார்கள். "இந்த வாரம் பேப்பர்ல என்னா எழுதப் போறீங்க?" என்று கேட்பார்கள். நான் உடனே சொல்லிவிட மாட்டேன். இழுத்து இழுத்துச் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது சின்ன விஷயமா?

அந்தப் பெஞ்சு ஒரே நாளில் காலியாகிவிட்டது.

மரகதத்துக்கு அவள் மருமகன் ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மஞ்சள் நிறம், ஒரு சாண் நீளம். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு திடல் நடுவில் நின்றாள். அது விர்ரென்று எழும்பி, அவள் முகத்துக்கு நேராக அந்தரத்தில் அப்படியே நின்றது. பெண்கள் கை தட்டினார்கள்.

"அக்கா, நீங்களும் வந்து பாருங்கக்கா!"

"எனக்குக் கண்ணு கூசுது," என்றேன். வெயில் இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து எங்கே போனாலும் அதே பேச்சு. கடலோரத்து உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடப் போனோம். அங்கேயும், "மரகதம், இன்னிக்கி எவ்ளோ ஒசரம் போச்சு?" நான் என் தட்டில் இருந்த மீனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

எத்தனை நாள் பொறுப்பது? நானும் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். அவளுடையதைவிடப் பெரியதாக.

டவுனில் ரிமோட் காரும் விமானமும் விற்கும் ஒரு சீனர் கடைக்குப் போனேன். கடைக்காரத் தவுக்கே இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அச்சு அசல் மரகதத்தினுடையது — தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விசிறி. "மூணு சேனல்," என்றார். இன்னொன்று கறுப்பு, முழ நீளம், ஒரே விசிறி. "ஆறு சேனல்."

வீட்டு டிவியில் சேனல் கூடக் கூட நல்லதுதானே? மூன்றைவிட ஆறு பெரிது. இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா?

சின்னதைக் காட்டி, இதே மாதிரி எதிர்வீட்டில் இருக்கிறது, எனக்கு இது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தவுக்கே கறுப்பின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆன்ட்டி, சுடா பியாசா கா?"

பியாசா என்றால் சாதாரணம். எதிர்வீட்டு ஹெலிகாப்டர் சாதாரணமாகப் போய்விட்டதா என்று கேட்கிறார்! என் மனசை அப்படியே படித்துவிட்டாரே இந்த மனுஷன்...

"சுடா பியாசா லா, தவுக்கே! லாமா சுடா!" என்றேன். எப்போதோ ஆகிவிட்டது என்று.

அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கறுப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

பழக்கப்பட்டது என்றும் பியாசாவுக்கு ஒரு பொருள் உண்டு. ஓட்டிப் பழகிவிட்டீர்களா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். பிறந்தது முதல் இந்த நாட்டில் இருப்பவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பொறாமை பிடித்த காதில் வேண்டிய பொருள் மட்டும்தான் விழும்.

மறுநாள் மாலை திடலுக்குக் கொண்டுபோனேன். பெண்கள் கூடிவிட்டார்கள். "யம்மாடி, எவ்ளோ பெருசு!" என் காது குளிர்ந்தது. மரகதம் மட்டும் குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, இது பழகுனவங்க ஓட்டறது. மொதல்ல என்னோடத ஓட்டிப் பாருங்க."

"ஏன், ஒன்னோடதவிட பெருசா இருக்குன்னு சொல்றியா?"

"ஐயோ, அதுக்கில்லக்கா. காத்து வேற அடிக்குது."

"ஒனக்கு அடிக்காத காத்து எனக்கு மட்டும் அடிக்குதாடி?"

ரிமோட்டில் இருந்த குச்சியை மேலே தள்ளினேன். எழும்பியது. ஒரே ஒரு மூச்சு நேரம் நான் ராணி. அடுத்த மூச்சில் அது ஒருபக்கமாகச் சாய்ந்து, பெண்கள் நின்ற பக்கம் சீறிக்கொண்டு போனது. அலறிச் சிதறினார்கள். என் விரலோ, பயத்தில், குச்சியை இன்னும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"எறக்குங்கக்கா! கீழ இழுங்க!"

மரகதம் ஓடி வந்து என் விரல் மேல் தன் விரலை வைத்துக் குச்சியை இழுத்தாள். சத்தம் அடங்கியது. ஹெலிகாப்டர் சாக்கடை ஓரத்துச் சிமெண்டில் மோதி உள்ளே விழுந்தது. வால் தனி, விசிறி தனி. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

யாரும் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மரகதம்தான் சாக்கடையில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கினாள். கையைக் கழுவிவிட்டு என்னைத் திடல் ஓரத்து மண்டபத்துக்குள் அழைத்துப் போனாள். தன் ரிமோட்டை என் கையில் வைத்தாள்.

"வாலு நம்ம பக்கம் இருக்கட்டும்க்கா. அப்பதான் எடது எடதாவே இருக்கும். மூஞ்சி நம்ம பக்கம் திரும்பிச்சின்னா எல்லாமே மாறிப் போவும். மெதுவா..."

மஞ்சள் ஹெலிகாப்டர் எழும்பியது. என் முகத்துக்கு நேராக நின்றது. பத்து எண்ணும்வரை நின்றது.

ஆகவே, முதல் ஹெலிகாப்டர் வாங்க நினைப்பவர்களே! சின்னதாக வாங்குங்கள். இரண்டு விசிறி அடுக்கியதாக வாங்குங்கள், அதுவாகவே நிதானமாக நிற்கும். சேனல் கூடினால் நீங்கள் கவனிக்க வேண்டியதும் கூடும், மூன்று போதும். விசிறி உடைந்தால் மாற்று கிடைக்கிற கடையாகப் பாருங்கள். காற்றில்லாத இடத்தில் பழகுங்கள். இதெல்லாம் மரகதம் சொன்னது. நானே கண்டுபிடித்ததாக எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? எங்கே போகும்! முன்பு அவள் ஹெலிகாப்டர் மேல் இருந்தது. இப்போது அவள் குணத்தின் மேல். இது இன்னும் மோசம்... கடையில் போய் இதைவிடப் பெரியதாக ஒன்று கேட்க முடியாது.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த பேத்தி தீபாவிடம், "மொதல்லேருந்து ஒரு தடவ படி, கண்ணு," என்றேன். முழுவதும் படித்தாள். படித்துவிட்டுத் தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டி எதையோ தேடினாள்.

"என்னாடி?"

"வரிக்கு வரி மரகதம் பாட்டி பேருதான் வருது, பாட்டி. உங்க பேரு ஒரு எடத்துலகூட இல்ல."