தாமதத்துக்கான காரணம்

சுங்குவார்சத்திரத்தில் செங்கல் சூளைக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள், குழந்தைகளை லீலா டீச்சரின் பால்வாடியில்தான் விட்டுப் போவார்கள். சங்கமாகப் பதிவு செய்து பல வருஷமாக அவள் நடத்தி வந்தாள். செயலாளர் அவளே. தலைவி, அங்கே கஞ்சி காய்ச்சும் செல்லம்மாள். பதிவுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று போட்டதுதான். லீலா காட்டிய இடத்தில் செல்லம்மாள் கைநாட்டு வைப்பாள்.

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி ஒன்று, குழந்தைகளுக்குத் தினமும் பால் தர முன்வந்தது. சங்கத்தின் வரி விலக்குச் சான்றிதழை மட்டும் கேட்டார்கள். லீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாபம் பார்க்காத சங்கத்துக்கு ஏது வரி, ஏது கணக்கு என்றே இருந்துவிட்டாள். விலக்கு தானாக வராது, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து வருஷா வருஷம் தாக்கல் செய்ய வேண்டும் என்று வாலாஜாபாத் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது.

"ஆரம்பத்துலயே யாரையாவது கேட்டிருக்கலாமேம்மா" என்றார் அவர்.

கேட்டால் தனக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிந்துவிடும் என்றுதான் அவள் யாரையும் கேட்கவில்லை.

விண்ணப்பம் போனது. தாமதத்துக்கு விளக்கம் சொல்லத் தலைவி, செயலாளர் இருவரையும் காஞ்சிபுரம் வரி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, செல்லம்மாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

"இத்தனை வருஷம் ஏன் விண்ணப்பிக்கலை?" அதிகாரி லீலாவைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. இங்கிலீஷில் பதில் சொன்னாள்: தலைவி படிக்காதவர், காகிதம் என்றாலே பயந்து கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், அதனால்தான் தாமதம். பக்கத்தில் செல்லம்மாள், தன்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறாள் என்று சிரித்தபடி தலையாட்டினாள்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "கையெழுத்துப் போட மாட்டேன்னு நீங்கதான் நிறுத்தி வெச்சீங்களாமே?"

செல்லம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. லீலாவைப் பார்த்தாள். லீலா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க சார்" என்றாள் செல்லம்மாள். "எனக்கு இன்னா தெரியும். என் தப்புதான்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் சமையல்கட்டில் லீலா போய் நின்றாள். "தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு உங்க மேல பழியைப் போட்டுட்டேன்க்கா. மன்னிச்சிடுங்க."

செல்லம்மாள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "புள்ளைங்களுக்குப் பால் வரணும், நான் அப்டி சொல்லணும்னு முன்னாடியே என்னாண்ட கேட்டிருந்தா, நானே சொல்லிருப்பேன் டீச்சர். கேக்கல பாரு, அதான்."

தாமதத்தை மன்னித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். பாலும் வந்தது. செல்லம்மாள் கஞ்சி காய்ச்சுவதை நிறுத்தவில்லை. தலைவியாக மட்டும் இனி இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் வரி அலுவலகக் கோப்பில் தாமதத்துக்குக் காரணம் அவள்தான் என்றே இருந்தது. அதை மாற்றி எழுதிக் கொடுக்க லீலா இரண்டு முறை காஞ்சிபுரம் வரைக்கும் போனாள். இரண்டு முறையும் அலுவலக வாசலோடு திரும்பிவிட்டாள்.

அதன் பிறகு ஒரு வருஷம்கூட அவள் கெடு தவறவிட்டதில்லை. "உங்க சங்கம் மாதிரி ஒழுங்கா தாக்கல் பண்றவங்க இந்தப் பக்கத்துலயே இல்லம்மா" என்று ஆடிட்டர் சொல்லும்போதெல்லாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவாள்.