மூன்று விரல் இடைவெளி

கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே என் மனைவி கட்கியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சாங்வியில் நாங்கள் குடியேறிய ஃபிளாட்டின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த கட்டடத்தின் நடைவழி. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் எங்கள் கட்டில் தெரியும். நான் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்தேன்.

"பேப்பர் ஒட்டுன ரூம்ல என்னால இருக்க முடியாதுங்க. கோடவுன் மாதிரி இருக்கு. துணி மாட்டினா காத்துல பறக்கும். சுருட்டி மேல தூக்குற மாதிரி ஒரு பிளைண்ட் போடுங்க, வந்துர்றேன்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தருமபுரிப் பக்கம் நாங்கள் இருந்த வீட்டில் ஜன்னலே கிடையாது. ஜன்னலுக்காகவே கூடுதல் வாடகைக்கு ஒரு வீட்டைப் பிடித்துவிட்டு, அதை மறைக்க இன்னொன்று வாங்குவது எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவள் வர வேண்டும்.

சிஞ்ச்வட்டில் வேலை முடிந்து ஒரு கடைக்குப் போனேன். என் ஜன்னல் அகலத்துக்கு ரெடிமேடில் இல்லை. பெரியதை வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் சுவரில் அடிக்கும் பிராக்கெட்டுக்கு இடம் விட்டுக் குறைத்து வெட்டுங்கள் என்றார் கடைக்காரர். அங்கேயே கணக்கில் குறைத்து, அந்த அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் லீவு. வீட்டில் பெட்டியைப் பிரித்தால் உள்ளே அச்சடித்த ஒரு தாள். பிராக்கெட்டுக்காக அளவைக் குறைத்துக்கொள்ளவும் என்று அதிலும் போட்டிருந்தது. கடைக்காரர் சொன்னதும் இதுவும் ஒன்றேதானா, வேறு வேறா? தொழிற்சாலையில் நாளெல்லாம் பாகங்களை அளந்து பார்ப்பதுதான் என் வேலை. அங்கே இப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. அச்சில் இருப்பதை மீறவும் மனசு வரவில்லை. உள்ளங்கையில் இருந்த அளவிலிருந்து மறுபடியும் குறைத்தேன். ஆக்சா பிளேடால் துணி சுற்றும் குழாயை அறுத்து, துணியைக் கத்தரித்தேன்.

ஜன்னலில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுவில் மாட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றரை விரல் இடைவெளி. ஒரு பக்கம் ஒட்டி மாட்டினால் மறுபக்கம் மூன்று விரல். இரண்டு சின்ன சந்தா, ஒரு பெரிய சந்தா, எது மேல்? மதியம் முழுக்க யோசித்து, கடைசியில் ஜன்னலை ஒட்டி பீரோ இருக்கும் பக்கம் இடைவெளியை விட்டு மாட்டினேன்.

போனில் சொன்னதும் சாயங்காலம் அவள் வந்தாள். பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்த் திரையை இறக்கினாள். விளக்கைப் போட்டாள்.

"இங்கேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. நீங்க எதிர் பில்டிங்குல போய் நில்லுங்க. தெரிஞ்சுதுன்னா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிருவேன், ஆமா."

போனேன். அடுத்தவர் வீட்டு நடைவழியில் நின்று என் படுக்கையறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்து வழியாக அவள் தோளும் பின்னலும் தெரிந்தன. ஒரு கதவு திறந்தது. வயதான மராத்திக்கார அம்மா.

"கிஸ்கோ தேக் ரஹே ஹோ?" யாரைப் பார்க்கிறாய் என்று இந்தியில் கேட்டார்.

"பீவி கோ" என்றேன், மனைவியைத்தான் என்று. வேறு என்ன சொல்வது?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று அவரும் பார்த்தார்.

"தெரியுதா?" என்று உள்ளேயிருந்து குரல்.

தெரிகிறது என்றால் போய்விடுவாள். தெரியவில்லை என்றால் நாளைக்கு இந்த அம்மாவே சொல்லிவிடுவார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "தோடா தோடா திக்தா ஹை, பேட்டி." கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறதாம்.

சந்தில் அவள் காணாமல் போனாள். வாசலுக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தது. இறங்கி ஓடுவதா, நிற்பதா என்று முழித்துக்கொண்டிருந்தேன். திரும்ப வந்தவள் கையில் பை இருந்தது. பீரோ கதவைத் திறந்தாள். திறந்த கதவு சரியாகச் சந்தை அடைத்துக்கொண்டது.

"இப்ப?"

"இப்ப தெரியல" என்றேன். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோது பை காலியாகக் கட்டிலில் கிடந்தது. புடவைகள் பீரோவில். சந்தை அடைக்கக் கதவைத் திறந்தாளா, புடவை வைக்கத் திறந்தாளா? அந்த வீட்டில் இருந்தவரை எங்கள் பீரோ கதவு ராத்திரியில் திறந்தேதான் இருந்தது.