கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அந்த வருடம் எங்கள் டீம் முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. இதைச் சொன்னால் இப்போது நான் இருக்கிற அம்பாங்கானில் என்னோடு வேலை செய்கிறவர்கள், அப்படி ஒரு டீம் இருந்ததா என்று கேட்கிறார்கள். இருந்தது. பகாவிலிருந்து உள்ளே போகிற ஒரு தோட்டத்தின் திடல்தான் அதற்குச் சொந்தத் திடல். ஆட்டக்காரர்கள் பகலில் லாரி ஓட்டுவார்கள், எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டுவார்கள், சாயங்காலம் ஜெர்சியை மாட்டிக்கொண்டு லீக்கில் ஆடுவார்கள். முழுநேர ஆட்டக்காரர்களும் இல்லை, பொழுதுபோகாமல் ஆடுகிறவர்களும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம். அந்த டீமின் கோல்கீப்பர் என் தாய்மாமா.

மாமாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. அம்மாவுக்கு ஒரே தம்பி, ஆகவே எங்கள் வீட்டில் கோழி சமைத்தால் தொடை அவருக்குத்தான். சிரம்பானில் ஒரு பெரிய டீம் கோல்கீப்பர் தேடுகிறது, எங்கள் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் ஆள் ஒருவர் வருவார் என்று சீசன் தொடங்கும் முன்பே பேச்சு அடிபட்டது. இருபத்தெட்டு வயதுக் கோல்கீப்பரை இன்னொரு தடவை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அது மாமாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், தோட்டத்து நாய்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் அந்த டீமை நேசிப்பதுதான். ஜெயித்த ஆட்டத்தில் எது எது எப்படி இருந்ததோ, அடுத்த ஆட்டத்திலும் அது அது அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். சட்டையைத் துவைக்கக்கூடாது. கச்சாங் கடலையை அதே பாயிடம்தான் வாங்க வேண்டும். "அந்தச் சட்டை தானா நடந்து திடலுக்குப் போய்டும், நீங்க வீட்டுலயே இருங்க லா" என்று அம்மா சொல்வார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

நான் அப்போது ஆறாம் ஆண்டு. முதல் ஆட்டத்தன்று பெஞ்சில் இடம் இல்லை. வீட்டிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பத்தடி புல், அதற்கப்புறம் செம்பனை. அங்கே ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்தனவாம். வீடுகளை உடைத்துப் போட்டுவிட்டு மரம் நட்டிருந்தார்கள். சிமெண்டுப் படிக்கட்டுகளை மட்டும் விட்டுவிட்டார்கள். மரத்து நிழலில் மூன்று படி ஏறினால் நாலாவது படிக்கு வெறும் காற்றுதான். பட்டப்பகலிலும் அந்தப் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள். என் கிரகம், நான் போய் உட்கார்ந்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ பேசினார்கள். "பீச்சாங்கை பக்கம்." அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்று தெரியாத குரல். அவசரமே இல்லாமல், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் மணி சொல்வதுபோலச் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டு இருந்தது, மரம் இருந்தது, ஆள் இல்லை. பந்து திடலின் நடுவில் எங்கேயோ கிடந்தது. என்ன நினைத்தேனோ தெரியாது, வாய் தானாகத் திறந்து, "மாமா, பீச்சாங்கை பக்கம்!" என்று கத்திவிட்டேன். நான் கத்தி முடித்த பிறகுதான் பந்து கிளம்பி, எதிர் டீம்காரன் ஒருவன் காலுக்கு வந்து, அங்கிருந்து மாமாவின் இடது பக்கமாகப் பாய்ந்தது. மாமா அதற்கு முன்பே அந்தப் பக்கம் விழுந்திருந்தார்.

திடலே எழுந்து கூச்சல் போட்டது. நானோ மறுபடியும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு மாமா எதிர்க் கோலுக்குப் போனார், நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உண்மையைச் சொன்னால் மாமாவுக்காக ஓடவில்லை, அந்தப் படிக்கட்டை விட்டுத் தப்பிக்க ஓடினேன். எதிர்ப் பக்கம் தார் ரோடும் பஸ் நிறுத்தமும்தான். அப்பாடா என்று உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், பின்னாலிருந்து அதே குரல், அதே இரண்டு வார்த்தை.

ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் மாமா கையுறையைக் கழற்றியபடி அப்பாவிடம் வந்தார். "மச்சான், இனிமே இவ என் பின்னாலதான் ஒக்காரணும். இவதான் ராசி." ராசி என்ற சொல்லைக் கேட்ட பிறகு அப்பாவிடம் எந்தப் பேச்சும் எடுபடுமா? அன்றைக்கே அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக்கூடாது என்று உத்தரவு ஆகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "பொம்பளப் புள்ள ஊர் முன்னால கத்துற வார்த்தையா இது? மத்தவங்க மாதிரி மலாய்ல கிரின்னு கத்து, இல்ல இடதுன்னு கத்து. எங்கருந்துடி புடிச்ச?" எங்கிருந்து பிடித்தேன் என்று நான் சொல்லவில்லை.

இரண்டாவது ஆட்டமும் ஜெயித்தோம். மூன்றாவது புக்கிட் பெலண்டோக் பக்கம். அப்பா ஓட்டிய பஸ்ஸில் ஆட்டக்காரர்களோடு என் சிவப்பு நாற்காலியும் ஏறிக்கொண்டது. அவ்வளவு தூரம் அந்தக் குரல் வராது என்று பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன். வந்தது. ஏழு தடவை சொன்னது, ஏழு தடவையும் கத்தினேன். அது வலது பக்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வலது பக்கம் வந்த பந்தையெல்லாம் மாமா தானாகவே பிடித்தார்.

பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். வேறு அப்பாவாக இருந்தால் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார். என் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அப்ப அதுவும் நம்ம டீமுதான்! யார்ட்டயும் சொல்லாத, சொன்னா ராசி போய்டும்." நாலாவது ஆட்டத்தன்று என் நாற்காலிக்குப் பக்கத்துப் புல்லில் கூடுதலாக ஒரு கச்சாங் பொட்டலம் வைத்தார். ஆட்டம் முடிந்ததும் அதை அவரே எடுத்துத் தின்றுவிட்டார்.

அந்த நாலாவது ஆட்டத்தில் குரல் இன்னும் கிட்டே வந்திருந்தது. கூடவே குமட்டுகிற ஒரு புளிச்ச வாடை. வீட்டுக்கு வந்திருந்த அப்பாவின் அக்காவிடம், அதாவது அத்தையிடம், வாடையை மட்டும் சொல்லி என்னவென்று கேட்டேன். "ஒட்டுப்பால் வாடைய சொல்ற மாதிரி இருக்கே" என்றார். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை எல்லாம் வெட்டி நான் பிறப்பதற்கு முன்பே செம்பனை போட்டாயிற்று. அத்தைக்கு அந்த வாடையைப் பற்றிக் கேட்டதும் பழைய ஞாபகம் வந்து பேச ஆரம்பித்துவிட்டார். 

நாலு ஆட்டம், பத்துப் புள்ளி, ஒரு கோல்கூட உள்ளே போகவில்லை. அப்பா பட்டியலைக் கையாலேயே எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினார். ஐந்தாவது ஆட்டம் சனிக்கிழமை. சிரம்பான் ஆள் வருவது உறுதியாகிவிட்டது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பார்த்துவிட்டு அழுதார், சிரித்தார், அத்தைக்குப் போன் போட்டார். நான் வயதுக்கு வந்துவிட்டேன்.

பதினாறு நாள் வெளியே தலைகாட்டக்கூடாது. பின்னறையில் பச்சை ஓலையில் குடிசை கட்டி அதற்குள் இருக்க வேண்டும். அந்தக் குடிசையைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும், அதுதான் முறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா தென்னை ஓலையைச் சுமந்துகொண்டு வந்தார். முன்கூடத்தில் அப்பாவோ பெரிய யோசனையில் இருந்தார். பிறகு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். ராசி நாற்காலியில்தான் இருக்கிறது, ஆகவே நாற்காலியைப் போட்டு, அதற்கு ஆட்டத்துக்கு நான் போட்டுப்போகிற டீம் ஜெர்சியை மாட்டி, பொட்டலத்தை மேலே வைத்துவிட்டால் போதும். மாமா, "ஆமா மச்சான், சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு ஓலையை முடைந்தார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஓலை வளர்ந்துகொண்டே வந்தது. முகம் மறைகிற நேரத்தில் கையை நிறுத்தி, மெதுவாகக் கேட்டார். "இங்கருந்து கத்துனா திடலுக்குக் கேக்குமா பாப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்படி மாமா கேக்கும்? அத்தை வேற கத்தவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க." மாமா கடைசி ஓலையைச் செருகி, இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

அத்தை நிறையச் சொல்லியிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய பால்வெட்டுக் கத்தியும் வேப்பிலையும் வைத்திருந்தார், காத்து கருப்பு அண்டாமல் இருக்க. இந்தச் சமயத்தில் பெண்பிள்ளைக்கு வெளியிலிருந்து ஏதாவது சத்தம் கேட்டால் பதில் குரல் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் அது உள்ளே வந்துவிடும் என்றார். மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். இப்போது என்னைத் தேடி எது வரும் என்று எனக்குத்தான் தெரியுமே.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எல்லாரும் திடலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும், அடுப்படியில் உளுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்த அத்தையும்தான். திடல் எங்கள் வீட்டிலிருந்து ரோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம். விசில் சத்தம் கேட்டது. மேளம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நாற்காலியோடு அது திடலிலேயே இருந்துவிட்டது, அப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

"பீச்சாங்கை பக்கம்."

பின்சுவருக்கு அந்தப் பக்கம். வாய் திறந்துவிட்டது. கத்தியைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். திடலில் மேளம் பட்டென்று நின்றது. நம் ஆட்கள் கோல் அடித்தால் அப்படி நிற்காது.

இரண்டாவது தடவை அது சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. அறைக்குள் இருந்தது. ஒட்டுப்பால் வாடை ஓலை வாடையை மூடிவிட்டது. நான் தாவணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். திடலில், "ஐயோ" என்று நூறு பேர் ஒன்றாகச் சொன்னது கேட்டது.

மூன்றாவது தடவை ஓலைக்கு மறுபக்கம், என் காதுக்கு ஒரு முழ தூரத்தில். இத்தனை ஆட்டத்தில் அவசரமே படாத குரல், இப்போது அவசரப்பட்டது. "பீச்சாங்கை பக்கம். சொல்லு. சொல்லு புள்ள." கெஞ்சியது என்றுதான் சொல்ல வேண்டும். ஓலை அசைந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். அத்தையைக் கூப்பிடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை, குரல் கொடுத்தால் அது உள்ளே வந்துவிடுமே. காதிலிருந்து கையை எடுத்தபோது வாடை போயிருந்தது. அதன் பிறகு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

நாலு கோல். சிரம்பான் ஆள் இடைவேளையிலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அப்பா நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "பாய் கடை சாத்தியிருந்துச்சு, கச்சாங்க வேற எடத்துல வாங்கிட்டேன், அதான் ராசி போச்சு" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "நாலும் ஒரே பக்கம்" என்றும் சொன்னார். அது எந்தப் பக்கம் என்று நான் கேட்கத் தேவையில்லை. மாமா மறு வாரமே டீமிலிருந்து விலகிவிட்டார்.

மாமாவுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை என்பது எனக்குத் தெரியவந்தபோது எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. லைசென்ஸ் விஷயமாக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் டாக்டர் கண்டுபிடித்து, எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டிருக்கிறார். அந்த சீசனுக்கு முந்தின மாதம் மருந்து அடிக்கும்போது கண்ணில் தெறித்ததாம். சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அக்காவிடம்கூடச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அம்மா போனில் இதைச் சொல்லிவிட்டு அழுதார். ராசி என்ற சொல்லை முதலில் எடுத்தது அப்பா இல்லை, மாமாதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஒரு குரல்தான் பக்கம் சொல்லித் தந்தது என்று மாமாவுக்குத் தெரியாது. அவர் என் கண்ணை நம்பித்தான் நாலு ஆட்டம் நின்றிருக்கிறார்.

ஆனால் பதினாறாம் நாள் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கோயில் மண்டபத்தில் சடங்கு. பட்டுப் புடவையும் நகையுமாக என்னை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து மாலை போட வேண்டும். மாமா புது வேட்டி கட்டி, முகமெல்லாம் மழித்து வந்தார். மாலையைத் தூக்கி என் கழுத்தில் போட்டார். ஒரு பக்கம் சரியாக விழுந்தது, இன்னொரு பக்கம் என் தோளுக்கு வெளியே காற்றில் விழுந்து தொங்கியது. மறுபடியும் எடுத்தார், மறுபடியும் அதே இடத்தில் தவறியது. மூன்றாவது தடவை நானே தலையை நீட்டி மாலைக்குள் விட்டுக்கொண்டேன்.

"கோலத்தான் உட்டான்னு பார்த்தா, மாலையையும் உடுறான் லா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். பதினாறு நாளாகக் கத்தாமல் அடக்கி வைத்திருந்த தொண்டை அல்லவா.