முன்பாதி

வத்தளையில் ஒரு தொழிற்சாலை, அதற்கு முன் புறக்கோட்டையில் மூட்டை சுமந்தது, அதற்கும் முன் எங்கெங்கோ. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை. அண்ணாவுக்குப் பாரிசவாதம் வந்தபோதுதான் கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டில் வந்து நின்றேன். வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கை வராவிட்டாலும் பரவாயில்லை, குரல் வந்தால் போதும் என்பதுதான் என் மன்றாட்டு.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைத் தேவாலயத்துக்கு நடந்தேன். நெரிசலில் மெழுகுதிரி கொளுத்திக் கேட்டதையே கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு செபக்கூட்டத்துக்கும் போனேன். ஒருவர் என் தலையில் கை வைத்து, "உங்கட விசுவாசம் காணாது, பிரதர்" என்றார்.

"எவ்வளவு இருந்தாக் காணும்?" என்றேன்.

கண்ணை மூடச் சொன்னார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் பின்னேரச் செபமாலை நிற்கக்கூடாது என்றார் அண்ணி. ஒவ்வொரு செபத்தின் முன்பாதியையும் அண்ணா சொல்வார், பின்பாதியை மற்றவர்கள் சொல்வோம். அதுதான் வழக்கம். இனி முன்பாதி என் பொறுப்பாம். அது என் காதுக்குத் தெரியும், நாக்குக்குப் பழக்கமில்லை. நாலு சொல் போவதற்குள் பின்பாதிக்குத் தாவிவிடும்.

"சினிமாப் பாட்டெண்டா ஒரு சொல் பிசகாது. இது மட்டும் ஏறாதோ தம்பி?" என்றார் அண்ணி.

"ஏறேல்ல. கேக்கிற கடவுளும் ஒண்டும் தரேல்ல. நான் ஏன் கத்தவேணும்?"

"அப்ப ஆர் சொல்லுறது?"

"சொல்லுறவர் கட்டில்லதானே கிடக்கிறார். அவரே சொல்லட்டும்."

எரிச்சலில் சொன்னதுதான். அண்ணி முகம் சுருங்கிப்போனார். அண்ணா மட்டும் இடக்கையால் செபமாலையை இழுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சத்தமில்லை. அண்ணி அவசரப்பட்டுப் பின்பாதியைத் தொடங்க, அவர் கண்ணைத் திறந்து முறைத்தார். உதடு நிற்கும்வரை பொறுத்திருந்துதான் நாங்கள் சொன்னோம்.

அன்றிலிருந்து அப்படித்தான். குரல் இன்னும் வரவில்லை. எனக்குக் கோபமும் தீரவில்லை. செவ்வாய்க்கிழமை போனால் கடவுளோடு சண்டைதான் பிடிக்கிறேன். பின்னேரங்களில் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். செபமாலை முடிவதற்குள் சோறு ஆறிவிடுகிறது.